பதிவு செய்தவர் பதிவு எழுதினால் எதில் பதிவாகும்?

தமிழில் மென்பொருள் பாடம் எழுதும் நண்பர்களுக்கு,



ஜாங்கோ கற்றுத்தரும் பாடங்கள் பலவற்றில் பயிற்சிக்காக ஒரு வலைப்பூவைக் கட்டச் சொல்வார்கள். அதைத் தமிழில் எழுதும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். பயனர் முதலில் தளத்தில் பதிவு செய்கிறார். பிறகு ஒரு பதிவு எழுதுகிறார். அது தரவுத்தளத்தில் ஒரு பதிவாகச் சேர்கிறது. நடுவில் ஏதாவது பிழை வந்தால் அது பதிவுக் கோப்பில் பதிவாகிறது. இந்த வாக்கியங்களில் இலக்கணக் குற்றம் ஒன்றும் கிடையாது. அகராதியைப் புரட்டினாலும் தப்பு சொல்ல முடியாது. ரெஜிஸ்ட்ரேஷனும் பதிவுதான், போஸ்ட்டும் பதிவுதான், ரெக்கார்டும் பதிவுதான், லாகும் பதிவுதான். எழுதியவருக்கும் குழப்பம் இல்லை. அவர் மனத்தில் நான்கும் நான்கு ஆங்கிலச் சொற்களாகத் தனித்தனியே நிற்கின்றன. படிப்பவருக்குத்தான் அந்த வசதி இல்லை. அடுத்த வரியில் “பதிவை நீக்கவும்” என்று வந்தால் அந்தப் பிள்ளை எதை நீக்கும்? கட்டுரையையா, கணக்கையா, தரவுத்தளத்தின் ஒரு வரியையா, லாக் கோப்பையா?

வார இறுதிகளில் பாலிடெக்னிக் மாணவர்களோடு உட்கார்ந்து உங்கள் பாடங்களைப் படிக்கிறவன் நான். சில பாடங்களை நானும் எழுதியிருக்கிறேன். இப்படி எழுத ஆளே இல்லாமல் இருந்த காலமும் உண்டு. 2012 முதல் கணியம் போன்ற முயற்சிகளும் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் வந்த பிறகுதான், ஆங்கிலம் தடுமாறும் ஒரு மாணவனிடம் “இதைப் படி” என்று எடுத்துக் கொடுக்க ஏதாவது இருக்கிறது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். பாடங்கள் போதாது என்பது என் குறை இல்லை. ஒரே பாடத்துக்குள், சில சமயம் ஒரே பத்திக்குள், ஒரு பொருளுக்கு மூன்று பெயர் வருகிறது. மூன்று பொருளுக்கு ஒரு பெயர் வருகிறது. என் குறை அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எந்தச் சொல் நல்ல சொல் என்ற வழக்குக்கு நான் வரவில்லை. ‘சர்வர்’ என்று எழுதுகிறவரும் எனக்கு வேண்டியவர், ‘வழங்கி’ என்கிறவரும் வேண்டியவர், ‘சேவையகம்’ என்கிறவரும் வேண்டியவர். முதல் அத்தியாயத்தில் வழங்கி, மூன்றாவதில் சேவையகம், பிழைத்திருத்தப் பகுதியில் சர்வர் என்று எழுதுகிறவரோடுதான் எனக்குப் பேச்சு. சொல் சுமாராக இருந்தாலும் மாணவன் பழகிக்கொள்வான். அது மாறிக்கொண்டே இருந்தால் எதைப் பழகுவது?

இது நம் பள்ளிக்கூடம் கொடுத்த பழக்கம் என்றே நினைக்கிறேன். கட்டுரை நோட்டில் ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் தமிழ் ஐயா சிவப்பு மையால் கோடு போடுவார். கடலுக்கு ஆழி, முந்நீர், பரவை என்று நிகண்டு முழுக்கச் சொல் இருக்கும்போது ‘கடல்’ என்றே எழுதிக்கொண்டிருப்பது வறுமை என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். கட்டுரைக்கு அது சரி. ஆனால் அதே தமிழ் வகுப்பில் பின்வருநிலையணியும் படித்தோம். முன்பு வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தந்தால் சொல் பின்வருநிலை. ஒரே பொருள் வெவ்வேறு சொற்களில் மீண்டும் வந்தால் பொருள் பின்வருநிலை. அதே சொல் அதே பொருளில் திரும்பத் திரும்ப வந்தால் சொற்பொருள் பின்வருநிலை. மூன்றையும் அணி என்றுதான் தண்டியலங்காரம் சொல்கிறது. மென்பொருள் பாடத்தில் முதல் இரண்டும் நோய், மூன்றாவது மட்டுமே மருந்து. ‘பதிவு’ விவகாரம் முதல் வகை. வழங்கி, சேவையகம், சர்வர் இரண்டாம் வகை. இரண்டாம் வகையைப் பற்றித்தான் நாம் ஓயாமல் பேசுகிறோம். முதல் வகை யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் அதிகம் கெடுப்பது அதுதான். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் மாணவன் “இது என்ன புதுசா?” என்று கேட்கவாவது செய்வான். இரண்டு பொருளுக்கு ஒரு பெயர் இருந்தால் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான்.

இது தமிழுக்கு மட்டும் வந்த சங்கடமும் அல்ல. நாம் எல்லோரும் பாடம் எழுதும் கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியபோது, அடுத்த கமிட்டில் என்னென்ன போகவேண்டும் என்று சேர்த்துவைக்கும் இடத்துக்கு ‘கேஷ்’ என்ற பெயர் இருந்தது. பிறகு அதுவே ‘இண்டெக்ஸ்’ ஆனது. சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் எதையும் விளக்குவதாகத் தெரியவில்லை; அவர்களிடையே ‘ஸ்டேஜிங் ஏரியா’ பரவியது. மூன்றும் ஒரே இடம்தான். பழைய பெயர்கள் ஒழிந்தனவா என்றால் இல்லை. என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் ‘டிஃப்’ கட்டளைக்கு முதலில் வந்த தெரிவு ‘கேஷ்டு’. அதே வேலையைச் செய்ய ‘ஸ்டேஜ்டு’ என்ற தெரிவு பின்னால் சேர்ந்தது. ‘ஆட்’ கட்டளையின் கையேட்டைத் திறந்தால் அங்கே இண்டெக்ஸ். 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்போடு வந்த ‘ரீஸ்டோர்’ கட்டளையில் ஸ்டேஜ்டு. நிரலின் மூலக் கோப்புகளில் ஒன்றின் பெயரில் கேஷ் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இதோடு போனாலும் பரவாயில்லை. ‘அப்ளை’ போன்ற சில கட்டளைகளில் கேஷ்டு என்ற தெரிவும் உண்டு, இண்டெக்ஸ் என்ற தெரிவும் உண்டு. இங்கே இரண்டும் ஒன்றல்ல! முதலாவது அந்தச் சேர்ப்பிடத்தை மட்டும் தொடும். இரண்டாவது சேர்ப்பிடத்தையும் வட்டில் உள்ள கோப்புகளையும் சேர்த்துத் தொடும். ஓரிடத்தில் ஒன்றாக இருந்த இரண்டு பெயர் இன்னோரிடத்தில் எதிரெதிராக நிற்கிறது. இந்த வித்தியாசத்தை விளக்க கிட்டின் கையேட்டிலேயே தனியாக ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். சொற்களுக்கென்று தனியாக ஒரு அருஞ்சொற்பட்டியலும் அவர்களிடம் உண்டு. இவ்வளவு தெரிந்தும் ஏன் ஒரே பெயராக மாற்றவில்லை என்று கேட்கத் தோன்றும். மாற்ற முடியாது. உலகம் முழுக்க யார் யாரோ எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்கள் அந்தப் பழைய தெரிவுகளை நம்பி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பெயரை எடுத்தால் எங்கோ ஒன்று நிற்கும்.

கருவியைச் செய்தவருக்கு இல்லாத சுதந்திரம் பாடம் எழுதும் நமக்கு இருக்கிறது. மூன்றில் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளலாம். “இதையே சிலர் இண்டெக்ஸ் என்பார்கள், பழைய தெரிவுகளில் கேஷ் என்றும் வரும்” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, அதன்பின் எடுத்த பெயரை மட்டும் எழுதலாம். கட்டளையிலேயே பழைய பெயர் வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும். நாம் செய்வது இதற்கு நேர்மாறு. ஆங்கிலத்தில் உள்ள மூன்று பெயரையும் மூன்று இடத்தில் அப்படியே இறக்கி, ஒவ்வொன்றையும் ஆளுக்கொரு விதமாகத் தமிழாக்குகிறோம். ஒருவருக்கு அது மேடை, இன்னொருவருக்குத் தயார்நிலைப் பகுதி, மற்றொருவருக்குச் சுட்டி. சுட்டி என்றால் பாயின்டரா, மவுசா, லிங்கா என்பது தனி வழக்கு. மூன்று ஆறாகி, ஆறு பத்தாகிறது.

பழைய கிட் பாடங்களில் இன்னொன்றும் பார்க்கலாம். எல்லாம் சேமித்தாகிவிட்டது என்று ‘ஸ்டேட்டஸ்’ கட்டளை சொல்லும் செய்தியில் முன்பு ‘வொர்க்கிங் டைரக்டரி’ என்று இருந்தது. 2016-இல் அதை ‘வொர்க்கிங் ட்ரீ’ என்று மாற்றினார்கள். அனுபவசாலிக்கு இது கண்ணிலேயே படாது. புதிதாகக் கற்கிறவன் பாடத்தில் உள்ளதையும் திரையில் உள்ளதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் முன்னேறுகிறான். அவனுக்கு அது “ஏதோ தப்பு பண்ணிட்டோம்” என்ற சந்தேகம்.

பாடம் எழுதும்போது நாம் மறந்துபோவது இதைத்தான். கற்கிறவனிடம் ஒரே சமயத்தில் மூன்று குரல் பேசுகிறது: திரையில் உள்ள பட்டியலும் பொத்தானும் ஒன்று, கருப்புச் சாளரத்தில் வரும் பிழைச்செய்தி இன்னொன்று, நம் பாடம் மூன்றாவது. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது முதல் இரண்டோடு ஒத்துப் பேசினால்தான் அவனுக்கு வழி தெரியும். எனவே திரையில் என்ன இருக்கிறதோ அதுதான் தலைச்சொல். ஆண்ட்ராய்டைத் தமிழில் வைத்திருப்பவரின் போனில் ‘அமைப்புகள்’ என்று இருந்தால் பாடத்திலும் அமைப்புகள். ‘அமைவுகள்’ இன்னும் அழகான சொல்லாக இருக்கலாம். அவர் போனில் அது இல்லையே. திரை ஆங்கிலத்தில் இருந்தால் பொத்தானின் பெயரை ஆங்கிலத்திலேயே, திரையில் உள்ளபடியே எழுதுங்கள். ‘சேமி பொத்தானைச் சொடுக்கவும்’ என்று எழுதிவிட்டு, படத்தில் ‘சேவ்’ என்று காட்டினால் பாவம் அவன் சேமியைத் தேடுவான். விளக்கத்தில் எவ்வளவு தமிழ் வேண்டுமானாலும் எழுதுங்கள். பொத்தானின் மேல் மட்டும் கைவைக்காதீர்கள். தமிழ்ப் பொத்தான் வேண்டுமென்றால் அதற்கு இடம் பாடம் அல்ல. அந்த மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்பில் போய் மாற்ற வேண்டும். கட்டற்ற மென்பொருள்களில் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது.

திரைக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது பாடநூலை. கொஞ்சம் விவாதத்துக்குரிய கருத்து என்று தெரியும். தமிழ்நாட்டில் தமிழ்வழியில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் பிளஸ் 1-இல் சி++, பிளஸ் 2-இல் பைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். ஃபங்ஷனுக்குச் செயற்கூறு, கிளாசுக்கு இனக்குழு என்று அவர்களுக்கு மனப்பாடம். இனக்குழு என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கும் மானிடவியல் நூல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தச் சொல்லில் தேர்வு எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘வகுப்பு’ என்று புதிதாக ஆரம்பிப்பதில் என்ன லாபம்? யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் படிப்பவர்கள் உண்டு. அவர்கள் பாடநூலில் தொழில்நுட்பம் இல்லை, தொழினுட்பம். தொடர்பு மட்டுமல்ல, தொடர்பாடல். இரு கரைக்கும் ஒரே சொல் கிடைக்காத இடத்தில் பாடத்தின் தொடக்கத்தில் இரண்டையும் ஒரு தடவை சொல்லிவிட்டு ஒன்றோடு தொடர்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பாடநூலை நம்பினாலும் சில பள்ளங்கள் இருக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் ‘ரோ’ என்பது நிரை, ‘காலம்’ என்பது நிரல். கணினிப் பாடத்தில் நிரல் என்றால் புரோகிராம். இரண்டும் அவரவர் வீட்டில் சரி. மைஎஸ்கியூஎல் பாடத்தில் இரண்டும் ஒரே திண்ணையில் வந்து உட்காரும்போது “நிரலில் உள்ள நிரலை மாற்றவும்” என்று எழுத நேர்கிறது. இங்கே ‘காலம்’ என்பதற்கு நெடுவரிசை என்று ஒதுங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ‘செயலி’யும் அப்படித்தான். ஒரு காலத்தில் அது புராசசர். திறன்பேசி வந்தபின் ஆப். “உங்கள் செயலி இந்தச் செயலியை ஆதரிக்குமா என்று பாருங்கள்” என்ற வாக்கியத்தை யாராவது எழுதாமலா இருப்பார்கள்?

இவற்றிலாவது படிப்பவன் சிரித்துவிட்டுப் புரிந்துகொள்வான். ‘அணி’யில் அது நடக்காது. கணக்கில் மேட்ரிக்ஸ் அணி, கணினியில் அரேயும் அணி. நம்பை நூலகத்தில் இந்த இரண்டும் இரண்டு வகைகள். நட்சத்திரக் குறி போட்டுப் பெருக்கினால் அரே உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். மேட்ரிக்ஸ் வகையோ கணக்கு வகுப்பில் படித்த அணிப்பெருக்கலைச் செய்யும். மேட்ரிக்ஸ் வகையை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று நம்பை ஆவணமே சொன்னாலும், பழைய நிரல்களில் அது இருக்கத்தான் செய்கிறது. “இரண்டு அணிகளையும் பெருக்கவும்” என்ற வரியைப் படித்த மாணவனுக்கு விடை வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தவறாக இருக்கும். சொல் தடுமாறியதால் எண் தடுமாறியது என்று அவனுக்கு யார் சொல்வார்கள்?

பைத்தானின் அதிகாரபூர்வ கேள்வி-பதில் பக்கத்தில் பாராமீட்டருக்கும் ஆர்கியுமென்ட்டுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு கேள்வி உண்டு. செயற்கூற்றின் வரையறையில் எழுதும் பெயர் முன்னது. அழைக்கும்போது உள்ளே அனுப்பும் மதிப்பு பின்னது. ஆங்கிலத்திலேயே பேச்சில் இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள் என்பதால்தான் அந்தக் கேள்வி அங்கே இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் வையுங்கள். வைத்த பிறகு மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

பெயர்ச்சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வினைமுற்றில்.

“அடுத்ததாக பைத்தானை நிறுவலாம்.” இந்த வாக்கியத்தை எத்தனை பாடங்களில் படித்திருப்பீர்கள்! எழுதியவர் சொல்ல நினைத்தது ‘வாருங்கள், சேர்ந்து நிறுவுவோம்’ என்று. படித்தவன் எடுத்துக்கொண்டது ‘விருப்பமிருந்தால் நிறுவிக்கொள்’ என்று. தமிழில் ‘-லாம்’ இரண்டையும் செய்யும். நண்பனைச் சாப்பிடக் கூப்பிடுவதும் லாம், அனுமதி தருவதும் லாம். நேரில் பேசும்போது குரல் காப்பாற்றிவிடும். எழுத்தில் குரல் கிடையாது. நிறுவாமல் அடுத்த படிக்குப் போன மாணவனை நான் பார்த்திருக்கிறேன். “லாம்னுதான் சார் போட்டிருந்தது” என்றான். அவன் சொன்னது இலக்கணப்படி முழுக்கச் சரி.

‘வேண்டாம்’ இன்னும் மோசம். “இந்தக் கோப்பை நீக்க வேண்டாம்.” நீக்கினால் ஆபத்து என்கிறோமா, நீக்கும் அவசியம் இல்லை என்கிறோமா? முதலாவது தடை, இரண்டாவது சலுகை. இரண்டுக்கும் நம் வாயில் ஒரே சொல்.

இணையத்தின் நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ சந்தித்துவிட்டார்கள். 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 என்ற ஒரு சிறிய ஆவணம், ‘மஸ்ட்’ என்றால் என்ன, ‘ஷுட்’ என்றால் என்ன, ‘மே’ என்றால் என்ன என்று வரையறுத்தது. மஸ்ட் என்றால் விலக்கே கிடையாது. ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால், விளைவைத் தெரிந்துகொண்டு விலகலாம். மே என்றால் உன் விருப்பம். அப்படியும் ஒரு சந்தேகம் மிஞ்சியது: சாதாரணப் பேச்சாக இந்தச் சொற்கள் வரும் இடத்தில் என்ன செய்வது? 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8174, பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று தீர்த்துவைத்தது.

நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. அதனால் வினைமுற்றிலேயே ஒழுங்கு வேண்டும். நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். இதைவிட நல்லது உங்களிடம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். செய்தே ஆகவேண்டிய படி என்றால் ‘-வும்’: நிறுவவும், திறக்கவும், சேமிக்கவும். ‘நிறுவுங்கள்’ உங்களுக்கு இயல்பாக வந்தால் அதுவே இருக்கட்டும், கடைசி வரை அதுவே இருக்கட்டும். ‘-லாம்’ எழுதினால் அதற்கு முன் ‘விரும்பினால்’ கட்டாயம் வரும். விரும்பினால் என்று சொல்ல முடியாத இடத்தில் லாமுக்கு இடமில்லை. தடை என்றால் ‘கூடாது’. அவசியம் இல்லை என்றால் ‘தேவையில்லை’. ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பாடத்திலிருந்தே எடுத்துவிட்டேன். பந்தியில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

விமானத்துறைக்காரர்கள் இதைவிடக் கறாரானவர்கள். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று 1986-இல் ஐரோப்பிய விமானத் தயாரிப்பாளர் சங்கம் எளிமையாக்கிய ஆங்கிலம் ஒன்றை வெளியிட்டது. இன்று அதன் பெயர் ஏஎஸ்டி-எஸ்டிஇ 100. அனுமதிக்கப்பட்ட சொற்களுக்கு ஒரு அகராதி, பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருதல் மட்டுமே. அறிவுறுத்தலைப் பின்பற்று என்ற பொருளில் அதை எழுத முடியாது, அதற்கு ‘ஒபே’. படிக்கிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. இறக்கைக்கு அடியில் திருப்புளியோடு நிற்கும்போது அகராதியில் எட்டுப் பொருளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரமும் இல்லை. அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. சொற்களஞ்சியத்தை அவ்வளவு இறுக்கினால் பாடம் படிக்கச் சகிக்காது. முன்னுரையிலும் விளக்கத்திலும் தமிழ் தாராளமாக ஓடட்டும். எண் போட்ட படிகளுக்குள் வரும்போது மட்டும் விமானத்துக்கு அடியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு சொல்லை முடிவு செய்தாயிற்று. பழைய பாடங்களை எப்படித் திருத்துவது? ஆங்கிலத்தில் தேடி மாற்றினால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். தமிழில் முடியாது என்பதை உங்களில் பலர் பட்டறிந்திருப்பீர்கள். ‘அடைவு’ என்ற சொல்லை ‘கோப்புறை’ என்று மாற்ற முடிவு செய்தோம் என்று வையுங்கள். அடைவு என்று தேடினால் அடைவுக்கு, அடைவுக்குள் கிடைக்கும். அடைவில், அடைவை, அடைவின் கிடைக்காது. உகரம் வேற்றுமை உருபுக்கு வழிவிட்டுப் போய்விட்டது. பெரும்பாலான நிரல் எடிட்டர்களில் கடைசி உகரக் குறியை விட்டுவிட்டு ‘அடைவ’ என்று மட்டும் தேடினால் எல்லாம் மாட்டும். யூனிகோடில் உயிர்க்குறி தனி எழுத்தாக இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. ‘இலக்கை அடைவதற்கு’ என்று முன்னுரையில் எழுதியிருந்தால் அதுவும் வலையில் விழும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். மாற்றியபின் ‘கோப்புறைஇல்’ என்று நிற்கிறதா, ‘கோப்புறையில்’ என்று உடம்படுமெய் வந்திருக்கிறதா, வல்லினம் மிகுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘கோப்பு’க்கு இரண்டாம் வேற்றுமை போட்டால் ‘கோப்பை’ என்று ஆகி, கிரிக்கெட் செய்தியெல்லாம் தேடலில் வந்து நிற்பது தனி வேடிக்கை.

ஆவணக் கருவிகளில் உள்ள மாறிகளும் இதே இடத்தில் காலை வாரும். பெயர் மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும் என்று அஸ்கிடாக், ஸ்பிங்க்ஸ் இரண்டிலும் ஒரு சொல்லை மாறியாக வைத்துக்கொள்ள வழி உண்டு. ஆங்கிலத்துக்கு அது வரம். நாம் அதன் வாலில் ‘-இல்’ ஒட்டினால், சொல் எதில் முடிகிறது என்று தெரியாமல் கருவி அப்படியே ஒட்டிவைக்கும். மாறியைத் தனியாக நிற்கவிட்டு, ‘என்ற கோப்புறையில்’, ‘என்ற கட்டளையை’ என்று உருபை அடுத்த சொல்லுக்குத் தள்ளிவிடுங்கள். வாக்கியம் கொஞ்சம் நீளும், உடையாது. ஸ்பிங்க்ஸ் பைத்தான் ஆவணங்களுக்காகவே எழுதப்பட்டு 2008-இல் வந்த கருவி. அதில் அருஞ்சொற்பட்டியல் ஒன்றை வைத்து, பாடத்தில் வரும் கலைச்சொல்லை அதோடு இணைக்கலாம். பட்டியலில் இல்லாத சொல்லை இணைக்கப் பார்த்தால் கட்டும்போதே எச்சரிக்கும். இணைக்கும்போது பட்டியலில் உள்ள வடிவத்தைச் சுட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரிவது ‘கோப்புறையில்’ என்று இருக்கும்படி எழுதவும் முடியும். இவ்வளவு நாள் இந்த வசதியை நாம் ஏன் சும்மா விட்டுவைத்தோம் என்று தெரியவில்லை.

ஒரு சொல்லை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று எண்ண வேண்டாம் (இந்த ‘வேண்டாம்’ மடலில் வந்தது, பாடத்தில் இல்லை). 2020 அக்டோபர் 1 முதல் கிட்ஹப்பில் புதிதாகத் தொடங்கும் களஞ்சியங்களின் முதன்மைக் கிளைக்கு ‘மெயின்’ என்று பெயர். அதற்கு முன் ‘மாஸ்டர்’. அதே ஆண்டு ஜூலையில் வந்த கிட் 2.28, அந்தப் பெயரை நாமே அமைத்துக்கொள்ள வழி செய்தது. நம் பழைய பாடங்களில் பல இன்றும் மாஸ்டருக்குத் தள்ளச் சொல்கின்றன. மாணவன் சொன்னபடி செய்கிறான். அந்தப் பெயரில் எதுவுமே இல்லை என்று கிட் சொல்கிறது. பாடத்தின் தலைப்பில் எந்தப் பதிப்பை வைத்து, எந்த மாதம் எழுதியது என்று ஒரு வரி இருந்தாலே அவன் பாதி பிழைத்துக்கொள்வான்.

இனி என் வேண்டுகோள். பெரிய குழுவும் மாநாடும் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு பாட வரிசைக்கும் பொதுவில் ஒரு தாள் இருக்கட்டும். பொருள் என்ன, நாம் எழுதும் சொல் எது, எழுதக்கூடாத சொல் எது, திரையில் எப்படி இருக்கும் என்ற நான்கு கட்டம் அதற்குப் போதும். மூன்றாவது கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எழுதத் தொடங்கும் முன்பே தாளை நிரப்ப முயல்வது வீண்வேலை. முதல் இரண்டு பாடங்களை மனம்போல எழுதிவிட்டு, இன்னொருவரிடம் கொடுத்து, அவர் எந்தச் சொல்லில் நின்றார் என்று கேட்டு அதை மட்டும் எழுதுங்கள். அந்த இன்னொருவர் மென்பொருள் தெரியாதவராக இருப்பது நல்லது. தெரிந்தவர் நம்மைப் போலவே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்பார். தமிழ்நாடு அரசின் ‘சொற்குவை’ கலைச்சொல் தளத்தில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். கிடைத்தது பொருந்தினால் எடுங்கள், பொருந்தாவிட்டால் ஏன் என்று தாளில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். பிறகு வருகிறவர் அதே சண்டையை மறுபடி போடாமல் இருப்பார்.

சர்வர் வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. என் வாக்கு வழங்கிக்கு. சேவையகம் நீளம், தவிர சர்வீசும் சர்வரும் ஒரே வாக்கியத்தில் வரும்போது ‘சேவையகத்தின் சேவை’ என்று நாக்கு இடறும். ‘வழங்கிய’, ‘வழங்கி விட்டு’ என்ற வினைகளோடு வழங்கி மோதும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் உங்கள் வாக்கைச் சொல்லுங்கள். எது வென்றாலும் இதுவரை நான் எழுதிய பாடங்களில் அந்தச் சொல்லை நானே மாற்றிக்கொள்கிறேன். மற்றவர்களின் பழைய பாடங்களைத் திருத்த ஆள் வேண்டுமென்றால் சனி, ஞாயிறு என்னிடம் கொடுங்கள். வேற்றுமை உருபுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பொறுமை உள்ள இரண்டு மாணவர்கள் என்னோடு இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்